பிடித்துத் தைக்க முடியாத சைக்கிள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் இடுப்பு ஒன்றைத் தவிர. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதுகிறேன். என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை என்பதையும் கூடவே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் போனில் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. தாளுக்கு அந்த வியாதி இல்லை.

முதலில், அன்றைக்கு மலையடியில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருவரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லித் தப்பக் கூடாது. என் மகள் இருந்தாள். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, விழுகிறவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போகத் தயாராக நின்றாள். மாப்பிள்ளை இருந்தார், கையில் பிளாஸ்க்கோடு. பேத்தி இருந்தாள், மஞ்சள் ஹெல்மெட். சைக்கிள் கடைக்காரர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆட்களை மலைக்குக் கூட்டிப்போவது அவர்தான். பல் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் எதற்கு வந்தார் என்று அப்போது தெரியவில்லை, சிரிக்கத்தான் வந்திருக்கிறார். சம்பந்தியம்மா இருந்தார், கழுத்தில் விசில். நான் இருந்தேன். நீ இல்லை. உன்னை வரச் சொல்லியிருந்தேன், வேனை சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றாய். அதையும் மறக்கவில்லை.

இனி முதலிலிருந்து சொல்கிறேன். என் பேத்திக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை என்று உனக்குத் தெரியும். வாரம் முழுக்க நின்றே கால் வீங்குகிற வேலை, ஞாயிறு ஒன்றுதான் லீவு. அந்த ஞாயிறு என்னுடையது. காலையில் வந்து, என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வெட்டிப் போட்ட துணிக் குவியலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, எந்த டாக்டர் யாரைத் திட்டினார், எந்த நோயாளி ஊசியைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் போனார் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் காலை மெஷின் மிதியிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்பேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நாளெல்லாம் தைத்தேன் என்றும் சொல்லலாம். இப்படி இருக்கும்போது சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கே குடிவந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சராக இருந்தவர். மரியாதை குறையாமல்தான் எழுதுகிறேன், பார்த்துக்கொள். ஆனால் என் மகள் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றவர் இவர்தான் என்பதை நீயும் மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தால் படத்தை எடுத்துப் பார். அதில் நான் ஒரு காதும் பாதிக் கொண்டையும்தான். வந்தவர் சும்மா இருந்தாரா, மலையில் ஓட்டுகிற சைக்கிள் ஒன்றை வாங்கினார். டயர் தடிதடியாக இருக்கும், கல்லிலும் வேரிலும் ஏறி இறங்கும், அந்த சைக்கிள். பேத்திக்கும் ஒன்று வாங்கிக்கொடுத்து ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்துவிட்டார். என் ஞாயிறு போயிற்று. இதில் எனக்கு எது நெஞ்சில் தைத்தது தெரியுமா, பேத்தி என்னைப் பாட்டி என்கிறாள், அவரைக் கோச் என்கிறாள். இரண்டு பேரும் அவளுக்கு ஒரே முறைதானே?

ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன், இந்த வாரமாவது வருவாயா என்று. மலைக்குப் போகிறேன் பாட்டி என்றாள். என் முகம் என்னவோ ஆகியிருக்க வேண்டும், உடனே, "நீங்களும் வாங்களேன் பாட்டி" என்றாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டவரிடம் சாப்பிட்டுவிட்டுப் போங்களேன் என்போமே, அப்படித்தான் சொன்னாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று நீ கேட்க மாட்டாய். உன் சைக்கிளில்தான் கற்றேன், நீ தூங்குகிற நேரத்தில். ஆனால் எனக்கென்று ஒன்று இருந்ததில்லை. அண்ணனுக்கு சைக்கிள் வாங்கினார்கள், உனக்கு சைக்கிள் வாங்கினார்கள், எனக்குத் தையல் மெஷின் வாங்கினார்கள். அதிலும் மிதிதான் தம்பி, ஆனால் எத்தனை வருடம் மிதித்தாலும் அதே சுவருக்கு முன்னால்தான் இருப்பாய்.

மகள் கேட்டதும் கோபத்தில் குதித்தாள். சம்பந்தியம்மா ஓட்டுவதே அவளுக்குப் பிடிக்கவில்லை, மாமியாரை ஒன்றும் சொல்ல முடியாமல் இருந்தாள், நான் சேர்ந்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சட்டம் போட்டாள். "ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. யார் விழுந்தாலும் அன்னைக்கோட அவங்க சைக்கிளைப் பூட்டிச் சாவியை நான் வச்சுக்குவேன். அப்புறம் மலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." சம்பந்தியம்மா சரி என்று சிரித்தார். நானும் சரி என்றேன். மனதுக்குள் வேறு கணக்குப் போட்டேன், மறைப்பானேன். அவர் ஒரு நாள் விழாமலா போவார், அப்புறம் மலையில் நானும் பேத்தியும் மட்டும்தானே என்று. இந்த நினைப்போடு நான் சைக்கிள் வாங்கப் போனதால்தானோ என்னவோ எல்லாம் கோணலாகவே நடந்தது.

கடைக்கு மாப்பிள்ளை கூட வந்தார். கடைக்காரர் நல்ல மனிதர், என்னைப் பார்த்ததும் பேரப்பிள்ளைக்கா என்றார். எனக்கு என்றேன். அவர் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் டேப்பை எடுத்துக்கொண்டு என் காலை அளக்க வந்தார். ஊரில் பாதிப் பேருக்கு நான் அளவெடுத்தவள், என்னை ஒருவர் அளப்பதா? டேப்பை வாங்கி நானே அளந்தேன். அளந்தது சரிதான், சொன்னதில்தான் கோளாறு. கைப்பழக்கம், ஓரத் தையலுக்கும் மடிப்புக்கும் சேர்த்து விட்டுச் சொன்னேன். அவர் அளவைக் கேட்டு என்னைப் பார்த்தார், மறுபடி டேப்பைப் பார்த்தார். இந்தக் காலுக்கு நீங்கள் கூரையைத் தொட வேண்டுமே அம்மா என்றார். கடைசியில் கண்ணாலேயே அளந்துவிட்டு, உங்களுக்குச் சின்ன அளவுதான் என்று ஒன்றை எடுத்து வந்தார். சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஒரே மாதிரி மூன்று நின்றன. விலை கேட்டேன். மூன்றும் ஒரே விலைதான் என்றார்.

தம்பி, இதைக் கேட்டபின் யாராவது சின்னதை வாங்குவார்களா? விலையை எழுத மாட்டேன், உன் வீட்டுக்காரி இதைப் படிப்பாள். ஆனால் அதே விலைக்கு இன்னும் இவ்வளவு இரும்பு நிற்கும்போது அதை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

"அப்ப பெரிசே குடுங்க" என்றேன்.

"பெரிசு உங்களுக்கு ஆகாதும்மா. கால் எட்டாது."

"பெரிசா இருந்தா பிடிச்சுக்கலாம் தம்பி. சின்னதா வாங்கிட்டாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. நான் தையல்காரி, எனக்குத் தெரியாதா?"

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "சைக்கிளைப் பிடிச்சுத் தைக்க முடியாதும்மா" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. சீட்டை இறக்கினால் ஆயிற்று என்றேன். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், அவர் பக்கத்தில் நின்று கூரையில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாத மனிதர் என்று உன்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு நாளாவது பேசியிருக்கலாம். வாங்கி முடித்தபின் பார்த்தால் அதில் பெடல் இல்லை. தனியாக வாங்க வேண்டுமாம், ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு விதம் பிடிக்குமாம். ஸ்டாண்டும் இல்லை, மணியும் இல்லை, பின்னால் பை வைக்க இடமும் இல்லை, முன்பக்கத்தை அழுத்தினால் மெத்தை மாதிரி அமுங்குகிறது. இருக்க வேண்டியது இல்லாமலும் ஆடக் கூடாதது ஆடியும் இருந்தால் நான் தைத்த துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதற்குப் பணம் கொடுத்து பெடலும் வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏறிப் பார்த்தேன், ஏற முடியவில்லை. சீட்டை அடிமட்டம்வரை இறக்கியும் நடுக்கம்பி என் இடுப்புக்கு வந்தது. மாப்பிள்ளையின் பழைய பேன்ட் ஒன்றைப் பிடித்து எனக்கு அளவாகத் தைத்துப் போட்டுக்கொண்டேன், அது அழகாகப் பொருந்தியது. பேன்ட் பொருந்தியதைப் பார்த்தபோதுதான் சைக்கிள் பொருந்தாது என்பது எனக்கே உறைத்தது. ஆனால் கடைக்குத் திரும்பிப் போவதா? வாய் பேசிவிட்டு வந்த கடைக்கு? அடுக்குமாடி வீட்டின் அடியில் கார் நிறுத்துகிற இடத்தில் பழக ஆரம்பித்தேன். படிக்கட்டில் நின்று ஏறிவிடலாம். இறங்குவதுதான் பாடு. கால் தரையில் எட்டாதே, அதனால் எதையாவது பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடியும். முதலில் தூணைப் பிடித்தேன். பிறகு யாரோ நிறுத்தியிருந்த காரைப் பிடித்தேன், அது ஊளையிட்டது. கடைசியில் வாட்ச்மேனைப் பிடித்தேன். பாவம், நல்ல மனிதர், நான் சுற்றி வரும்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்து கையை விரித்துக்கொண்டு நிற்பார். படிக்கட்டில் ஏறி வாட்ச்மேன் மேல் இறங்கினால் அது ஒரு சுற்று. இப்படியே பழகி, அதில் நான் தேறிவிட்டேன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் ஒரு மழை நாளில் ஈரத்தில் ஓட்டியதும் பிரேக் கீச்சிட ஆரம்பித்தது. லேசாகத் தொட்டால் போதும், மாடியில் ஜன்னல்கள் திறக்கும். எதிர்வீட்டுக்காரி மேலிருந்து பன்றிக்குட்டி வளர்க்கிறீர்களா என்று கேட்டாள். அவளையும் குறித்து வைத்திருக்கிறேன். தையல்காரி கையில் எது கீச்சிட்டாலும் அதற்கு ஒரே மருந்துதான். மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். சக்கரத்தின் நடுவில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு இருக்கிறது, அதை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அங்கேதான் சத்தம். அங்கே நன்றாக எண்ணெய் விட்டேன். முன்னாலும் விட்டேன், பின்னாலும் விட்டேன், சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி விட்டேன். துணியால் துடைத்து மினுக்கினேன். அதன்பின் தம்பி, ஒரு சத்தம் இல்லை. பட்டு மாதிரி ஓடியது. வாட்ச்மேனிடம்கூடப் பெருமை பேசினேன். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. எனக்குப் பிரேக் எதற்கு, வாட்ச்மேன்தான் இருக்கிறாரே.

அந்த ஞாயிறு வந்தது. நான் சைக்கிளைத் துடைத்து, சீட்டின் மேல் கடையில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் அப்படியே கொண்டுபோனேன். புதுப்பொருள், உறையைக் கழற்றினால் அழுக்காகும். ஹெல்மெட் கொண்டைமேல் உட்காரவில்லை, கொண்டையைப் பிரித்துப் பின்னல் போட்டாள் பேத்தி. அவள் என் தலையைப் பின்னியபோது அங்கிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அப்படியே திரும்பியிருக்கலாம். சம்பந்தியம்மா விசிலை ஊதி எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். ஒவ்வொருவராகப் பிரேக்கைப் பிடித்துக் காட்டினார்கள், பல் டாக்டர் காட்டினார், பேத்தி காட்டினாள். என்னிடம் வந்ததும், "சம்பந்தி, பிரேக்கை ஒரு தடவை பிடிச்சுக் காட்டுங்க" என்றார்.

"என் பிரேக்கை நான் பாத்துக்குவேன்" என்றேன்.

அந்தம்மா என் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார், அப்புறம் நகர்ந்துபோனார். கர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏற்றம் முழுக்க நான்தான் சைக்கிளை ஏற்றினேன், அது என்னை ஏற்றவில்லை. தள்ளிக்கொண்டே போனேன். எங்காவது பாறை இருந்தால் அதன்மேல் நின்று ஏறுவேன், கொஞ்ச தூரம் மிதிப்பேன், உறை வழுக்கிப் பின்னால் போவேன், இறங்குவேன். இறங்க மரம் இருந்தது. பேத்தி எனக்காக நின்று நின்று வந்தாள். உச்சியில் போய் உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்து முதலில் எனக்கு நீட்டினாள். கோச்சுக்கு அப்புறம்தான். நான் பார்த்துக்கொண்டேன். பேத்தி என் தோளில் சாய்ந்துகொண்டு வார்டில் நடந்த கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். துணிக் குவியலில் படுத்துச் சொல்வாளே, அதே குரல். கீழே ஊர் தெரிந்தது, காற்று அடித்தது, கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. இதற்காகத்தான் வந்தேன் என்று நினைத்தேன். இறங்க வேண்டும் என்பது மறந்தே போயிற்று.

இறக்கத்தில் ஒரு பாறைமேல் நின்று ஏறினேன். சைக்கிள் கிளம்பியது. பிரேக்கைத் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கையாலும் கழுத்தை நெரிப்பதுபோல் நெரித்தேன், பட்டு மாதிரி ஓடியது. பாதையில் வேர் வந்தது, கல் வந்தது, கடைக்காரர் அன்று காலையில் மலைக்கு டயரில் காற்றைக் குறையுங்கள் அம்மா என்றதற்கு, கஷ்டப்பட்டு அடித்த காற்றை ஏன் விடுவது என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. பந்து மாதிரி குதித்தேன். உறை வழுக்கி முன்னால் போனேன், பின்னால் வந்தேன். பல் டாக்டரைத் தாண்டினேன். அவர் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்துக் கையாட்டினார். கடைக்காரரைத் தாண்டினேன். பேத்தியைத் தாண்டினேன். தம்பி, அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "பாட்டி, கலக்குறீங்க" என்று கத்தினாள். பிரேக் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். சாகிற நேரத்திலும் பெருமை பாரேன்.

இனி முன்னால் இருந்தது சம்பந்தியம்மா ஒருவர்தான், அதற்கும் கீழே கடைசித் திருப்பம், அதற்கும் கீழே காரும் மகளும். அந்தம்மா திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தன் சைக்கிளை வேகமாக விட்டு என் பக்கத்திலேயே ஓட்டி வந்து, ஒரு கையால் என் தோளை வளைத்துப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, ஹாண்டிலை விட்டுடுங்க, என்மேல சாயுங்க" என்றார். வாழ்க்கையில் அந்தம்மா சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சாய்ந்தேன். இரண்டு சைக்கிளும் இரண்டு கிழவிகளும் பாதையோரம் மணல் மேட்டில் போய் விழுந்தோம். அவர் கீழே, நான் மேலே. எனக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். அவர் முழங்கை தோலுரிந்து ரத்தம். எல்லாரும் ஓடி வந்தார்கள். பல் டாக்டர் என்னை வாயைத் திறக்கச் சொல்லி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார், பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார், அவர் சிரித்ததும் கடைக்காரர் சிரித்தார், மாப்பிள்ளை பிளாஸ்க்கை மூடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரு விழுந்தது? ரெண்டு பேர்ல யாரு முதல்ல விழுந்தது?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா மணலைத் தட்டிக்கொண்டே, "நான்தான்மா. திருப்பத்துல எனக்கு நிதானம் தப்பிடுச்சு, போய் அவங்கமேல இடிச்சுட்டேன். அவங்க நல்லாத்தான் வந்தாங்க" என்றார்.

மகள் அன்றைக்கே அந்தம்மாவின் சைக்கிளைப் பூட்டிவிட்டாள். என் சைக்கிளைக் கடைக்காரர் எடுத்துப்போய்ப் பார்த்தார். மறுநாள் கடைக்கு வரச் சொல்லி, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, பிரேக்கில் யார் எண்ணெய் விட்டது என்று கேட்டார். நான் கூரையில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தேன். பிரேக் என்பது உரசித்தான் பிடிக்கும், அதில் எண்ணெய் பட்டால் எதைப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னார்.

ஆக நான் ஜெயித்துவிட்டேன் தம்பி. நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது. அந்தம்மாவுக்கு மலை கிடையாது, கோச் இல்லாமல் மலைக்குப் போக மாட்டேன் என்று என் பேத்தி எனக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஆனாலும் இந்த சைக்கிளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டு வாசலில் யானை கட்டியதுபோல் நிற்கிறது. இடுப்பு வேறு வலிக்கிறது. ஆகையால் நீ வேனோடு வந்து அதை ஏற்றிக்கொண்டு போய் யாருக்காவது கொடுத்துவிடு, உன் உயரத்துக்குச் சரியாக இருக்கும். இனி இந்த ஜென்மத்தில் சைக்கிள் சீட்டில் உட்கார மாட்டேன். எண்ணெய் விட்ட விஷயத்தை மகளிடமோ பேத்தியிடமோ உயிருள்ளவரை சொல்ல மாட்டேன், நீயும் சொல்லக் கூடாது. சொன்னால் நீ சின்ன வயதில் என் மெஷினை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டதை உன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவேன்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் வீட்டுக்காரியின் மூட்டு வலி குறையட்டும், உன் வேன் நடுரோட்டில் நிற்காமல் ஓடட்டும். எல்லாரும் நோய் நொடி இல்லாமல், சுற்றம் விலகாமல், நீண்ட நாள் இருங்கள் என்று வாயார வாழ்த்துகிறேன். வாழ்த்துக்குப் பதில் போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது, அதன்பின் இன்னும் இரண்டு ஞாயிறும் போய்விட்டன. மேலே எழுதியதை அடிக்கவில்லை, தாள் வீண். ஆனால் வேனைக் கொண்டு வராதே.

முதல் ஞாயிறு பேத்தி காலையில் வந்தாள். துணிக் குவியலில் படுத்தாள். நான் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வார்டில் என்ன விசேஷம் என்று கேட்டேன், ஒன்றும் இல்லை பாட்டி என்றாள். பாதி நேரம் ஜன்னலைப் பார்த்தாள், மீதி நேரம் கோச்சின் முழங்கைக்குக் கட்டு மாற்றிவிட்டு வந்ததைச் சொன்னாள். நான் கேட்டு வாங்கிய ஞாயிறு இதுதான். இரண்டு பேரும் அறைக்குள் அடைந்து கிடந்தோம். ஊசியில் நூல் கோக்கவே மூன்று தடவை தவறியது. நாலாவது தடவை நூலைப் போட்டுவிட்டு, பேத்தியைக் கூட்டிக்கொண்டு நேரே மகள் வீட்டுக்குப் போனேன்.

மகள் இருந்தாள், மாப்பிள்ளை இருந்தார், சம்பந்தியம்மா கையில் கட்டோடு அங்கேதான் இருந்தார். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், பிரேக்கில் எண்ணெய் விட்டவள் நான், விழுந்தவள் நான், அந்தம்மா வந்து தாங்கிப் பிடித்தார் என்று. பேத்தியை மட்டும் பார்க்காமல் சொன்னேன். மலையில் அவள் பார்த்த பார்வை இனி இருக்காதே என்று பயம். ஆனால் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்ப அவ்வளவு வேகத்துல பிரேக்கே இல்லாமலா வந்தீங்க?" என்றாள். முன்னைவிடப் பெரிதாகத்தான் பார்த்தாள். பிள்ளைகளை எனக்குப் புரிவதே இல்லை.

மகள் சட்டப்படி சம்பந்தியம்மாவிடம் அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள், என் வீட்டுக்கு ஆளனுப்பி என் சைக்கிளைப் பூட்டி வைக்கச் சொன்னாள். சரி என்று எழுந்தேன். அப்போது சம்பந்தியம்மா என் மகளிடம், "நீ பூட்டச் சொன்னது அந்தப் பெரிய சைக்கிளைத்தானேம்மா. அதை நாளைக்குக் கடையில மாத்திக்கிறதாப் பேசியாச்சு. சின்னது வரட்டும். மலைக்கு வேண்டாம், மைதானத்துல ஓட்டட்டும். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார். எனக்கே தெரியாமல் கடைக்காரரிடம் பேசி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார், அம்மா சொல்வது சரி என்றார். திறந்ததே திறந்தார், அவர் அம்மா பக்கம் திறந்தார். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மைதானம் மட்டும்தான் என்றாள்.

வெளியே வந்ததும் கேட்டேன், அன்றைக்கு என் சக்கரத்தைக் குனிந்து பார்த்தீர்களே, எண்ணெய் அப்போதே தெரிந்ததா என்று. லேசாகப் பளபளத்தது, ஆனால் பேத்தி முன்னால் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன், அதனால்தான் உங்களுக்கு முன்னாலேயே இறங்கினேன் என்றார். தம்பி, இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. என் மானத்தைக் காப்பாற்ற ஒருவர் மலைமேல் எனக்கு முன்னால் போய்க் காத்திருந்திருக்கிறார். நான் அவர் விழுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சின்ன சைக்கிள் வந்துவிட்டது. கால் தரையில் எட்டுகிறது. விசில் ஊதினால் நிற்க வேண்டும், நிற்கிறேன். பேத்தி மலைக்குப் போவதற்கு முன் மைதானத்துக்கு வந்துவிட்டுப் போகிறாள், வார்டுக் கதையை ஓட்டிக்கொண்டே சொல்கிறாள். மகள் எப்போது மனம் மாறுவாளோ தெரியாது, ஆனால் மாறுவாள், அதற்குள் நான் தேறிவிட வேண்டும்.

சிரித்தவர்களை எல்லாம் மன்னித்துவிட்டேன். பல் டாக்டரையும் மன்னித்துவிட்டேன், எனக்கு ஒரு பல்லை இலவசமாகவே பார்த்துக்கொடுத்தார். மின்விசிறியைப் பார்த்த மாப்பிள்ளையை மன்னித்துவிட்டேன், நானும் பார்த்தவள்தானே. வராத உன்னையும் மன்னித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்காகப் பொய் சொல்லி, எனக்காகத் தோலுரித்துக்கொண்டு, அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டாமலே இருக்கிறாரே, இதற்கு நான் என்ன பதில் செய்து தீர்க்க முடியும்? ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன், கண் மூடும்வரை மாட்டேன். சம்பந்தியம்மாவை.